நசீமுக்கு இரண்டு துணுக்குகள்

எங்கள் மார் ஜிர்யிஸ் கோயில் உலகப் பிரபலமாகிவிட்டது என்ற செய்தி எங்களுக்கே தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. கோயில் சாவி என் இடுப்பில் தொங்குகிறது, எனக்கே தெரியாது. "ஐன் புத்ம் கிராமத்தில் பைபிள் காலத்து அதிசயம்" என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மேலே என் கோயில் வாசல். வாசலில் சாய்த்து வைத்த என் துடைப்பம். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படம் பிடித்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என் பெயர் தர்ஃபா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னைக் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருந்தால் நீங்களும் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள். ஞாயிறு பூசை நடக்கும் பெரிய கோயில் ஊருக்குள் இருக்கிறது. என் பொறுப்பில் இருப்பது மலைச்சரிவில் உள்ள சின்னது. பாதி குகை, பாதி சுவர். குதிரைமேல் உட்கார்ந்து பாம்பைக் குத்தும் புனித ஜார்ஜின் படம் ஒன்று, அதன் முன்னால் ஒரு எண்ணெய் விளக்கு. அவரைத்தான் நாங்கள் மார் ஜிர்யிஸ் என்கிறோம்.

இங்கே வருகிறவர்கள் தூங்கத்தான் வருவார்கள். மனதில் தீராத கேள்வி இருப்பவர், உச்சிமணி அடித்ததும் தலையணையோடு வந்து தரையில் படுத்துக்கொள்வார். மாலைமணி அடிப்பதற்குள் கனவில் பதில் வரும். கிறிஸ்தவர்களும் வருவார்கள், முஸ்லிம்களும் வருவார்கள். அவர்கள் இவரை வேறு பெயரில் கூப்பிடுவார்கள், ஆனால் குறட்டை ஒரே மாதிரிதான். எழுந்ததும் கண்ட கனவை முதலில் சாவிக்காரியிடம் சொல்ல வேண்டும். சாவிக்காரி அதை யாரிடமும் சொல்லக் கூடாது. அவள் அங்கே தூங்கவும் கூடாது.

வாய் ஓயாதவள் என்று பெயரெடுத்த என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தது கடவுளின் குறும்பு. யார் தன் மாமியாரைக் கனவில் கிணற்றில் தள்ளினாள், யார் செத்துப்போன கழுதையிடம் மன்னிப்புக் கேட்டார், எல்லாம் என் வயிற்றில் கிடக்கிறது. ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. இப்போது சொல்லப்போகும் இந்த ஒன்றை மட்டும், அதற்கு உரியவளே "சொல்லு, கேக்கறவங்க கேக்கட்டும்" என்று அனுமதித்ததால் சொல்கிறேன்.

அவள் வதீயா. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிறகு என் தம்பி சல்த்தியைக் கட்டிக்கொண்டு எனக்கு உறவுமானாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, நசீம். எங்கள் வழக்கப்படி பிள்ளை பிறந்த அன்றே பெற்றவர்களின் பெயர் மாறிவிடும். அன்றிலிருந்து அவள் உம்மு நசீம், நசீமின் அம்மா. என் தம்பி அபூ நசீம்.

நசீம் அக்கபா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போனான். கப்பல் புயலில் முழுகியது. சிலரை மீட்டார்கள், சிலருடைய உடல்கள் கிடைத்தன. நசீம் இரண்டிலும் இல்லை. ஆறு வருஷமாகிறது. மெல்ல மெல்ல ஊரில் அவளை உம்மு நசீம் என்று கூப்பிடத் தயங்கினார்கள். கூப்பிட்டால் வலிக்குமே என்று. கடைக்காரர் முதலில் வதீயா என்றார், பிறகு அண்டை வீட்டுக்காரி, பிறகு எல்லோரும். நானும்தான்.

இனி துணுக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசைக்காக நாங்கள் வீட்டில் முத்திரை குத்திய ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்ப் பாதிரியாரின் கையில் கொடுத்து, காதோடு பெயர்களைச் சொல்வோம். பூசை தொடங்குவதற்கு முன் அவர் திரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் ரொட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கத்தியால் எடுத்துத் தட்டில் வைப்பார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வரிசை. இறந்தவர்களுக்கு அதன் கீழே இன்னொரு வரிசை. வதீயா வாரம் தவறாமல் ரொட்டி கொண்டுவந்து, "இருக்கறவங்கள்ல, என் மகன் நசீம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் நிற்பாள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு அவளுடைய அடுப்பு நன்றாக எரிந்து தொலைத்தது. ரொட்டி சீக்கிரம் வெந்துவிட, வழக்கத்தைவிட முன்னதாகப் பெரிய கோயிலுக்கு வந்துவிட்டாள். பக்கவாசலில் நானும் விளக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே சல்த்தியின் குரல் கேட்டது. "போனவங்கள்ல, என் மகன் நசீம்."

வதீயா ரொட்டியைக் கீழே போடவில்லை. அதை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"அபூனா, இது எத்தன நாளா நடக்குது?"

எங்கள் பாதிரியார் அபூனா மித்ரி நல்ல மனிதர். பொய் சொல்ல வராது, அதனாலேயே அவரோடு சீட்டாட எல்லோரும் ஆசைப்படுவார்கள். "ஒரு நாலு வருஷமா இருக்கும்மா" என்றார்.

"அப்ப நான் சொல்றது?"

"அதையும் வைக்கிறேன்."

"ஒரே புள்ளைக்கு ரெண்டு துணுக்கா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு?"

"நான் என்னம்மா செய்வேன்? நீங்க அழுதுகிட்டே சொல்றீங்க. இவர் அழாம சொல்றார். அழாம சொல்றவரப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்கு."

வதீயா என் தம்பியின் பக்கம் திரும்பினாள். "வாராவாரம் எம்புள்ளய கொன்னுக்கிட்டிருந்தியா?"

சல்த்தி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். ஊரில் அவனைப் பேச வைப்பது பாறையில் தண்ணீர் கேட்பது போல. அன்று பேசினான். "நீ வாராவாரம் அவன தண்ணிக்குள்ளயே வச்சிருக்க, வதீயா. ஆறு வருஷமா ஈரத்துல கெடக்கறான். வெளிய எடுத்து படுக்க வைக்கலாம்னு பாக்கறேன். ஒரு நாளாவது அவன் காயட்டும்."

நான் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு கையைச் சுட்டது, விடவும் முடியவில்லை. அண்ணன் தம்பி சண்டை என்றால் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டியிருப்பேன். இதில் யாரைத் திட்டுவது?

அன்றைக்கு மாலையே வதீயா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மார் ஜிர்யிஸ் திருநாளுக்கு முந்தின மதியம் கோயிலில் தூங்கப்போவதாகச் சொன்னாள். நசீமைக் கனவில் எப்படிப் பார்த்தாலும் சரி, பார்த்துவிட்டால் அவன் இருக்கிறான். ஒன்றும் வரவில்லையென்றால் கோதுமை ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரை தூவி, திருநாள் பூசையிலேயே அவனுக்கு நினைவுப் படையல் செய்துவிடுவாள். பிறகு கீழ் வரிசையில் ஒரே துணுக்கு.

"உன் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டார்" என்றாள். "தர்ஃபா, இதுக்கு மேல என்னால ரெண்டு துணுக்கு தாங்க முடியாது."

இப்படி அவள் நாள் குறித்துவிட்ட பிறகுதான் அந்த வருஷக் கடைசி மழை பெய்து, கோயில் தரை ஒரு மூலையில் உள்வாங்கியது. பலகைக்கல்லைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நகத்தளவு நகத்தளவாகக் கலர் கற்கள். தலைநகர் அம்மானிலிருந்து தொல்லியல் துறை வந்தது. துறை என்றால் டாக்டர் ருபா என்ற ஒல்லிப் பெண்ணும் இரண்டு வேலையாட்களும். எப்போது பார்த்தாலும் முழங்காலில்தான் இருப்பாள். வயதில் பெரியவள் என்று என்னைச் சித்தி முறை வைத்து "கால்த்தோ" என்பாள். பழைய தரையின் நடுவில் ஒரு சதுரம், அதில் எழுத்துகள் இருப்பது தெரிந்தது. ஆனால் அதன்மேல் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தது. அதைக் கத்தியாலும் பஞ்சாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், திருநாள் வரைக்கும் ஆகும் என்றாள். அதுவரை யாரும் உள்ளே தூங்கக் கூடாது.

அடுத்து வந்தவர் வெஸ்லி. டெக்சாஸ்காரர், ஏதோ கிறிஸ்தவச் சேனல். மனிதர் அரபு பேசுவார், ஆனால் புத்தகத்தில் படித்த அரபு. காபி கேட்டால்கூட வானொலிச் செய்தி வாசிப்பது போலிருக்கும். அந்தச் சதுரத்தில் ஒரு அப்போஸ்தலரின் பெயர் இருக்கிறது என்று அவர் உலகத்துக்கே அறிவித்துவிட்டார்.

"நான் அப்படி சொல்லவே இல்ல" என்று ருபா கத்தினாள். "எழுத்து இருக்குன்னுதான் சொன்னேன். ரொட்டிக்கடக்காரன் பேரா கூட இருக்கலாம்."

"அம்மையீர், கற்கள் பேசும்" என்றார் வெஸ்லி.

"பேசட்டும். அதுக்கு முன்னாடி நீங்க பேசாதீங்க."

ஊர் சும்மா இருக்குமா? கசாப்புக்கடையில் மத்தேயு என்றார்கள். முடிவெட்டும் கடையில் தோமா. தோமா இந்தியாவுக்குப் போனவராயிற்றே என்று ஒருவர் மறுக்க, போகிற வழியில் எங்கள் ஊரில் தூங்கிவிட்டுப் போனார் என்று முடிவெட்டுபவர் தீர்த்துவைத்தார். அபூனா மித்ரிகூட, யாத்திரைப் பேருந்துகள் எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று தெருவை அளக்கத் தொடங்கினார். வதீயா ஒருத்திதான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. கோயில் வேலியருகே வந்து, கம்பிக்கு அப்பால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள்.

நான் ருபாவிடம் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, சேஜ் இலை போட்ட தேநீர், ரொட்டி, தொட்டுக்கொள்ள ஸஅதர் மூலிகைப் பொடி, என் வீட்டு ஆலிவ்.

"கால்த்தோ, இதெல்லாம் லஞ்சம்."

"சாப்பாடும்மா. லஞ்சம் பின்னால வரும்."

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், இரண்டு துணுக்குகள், கோதுமை. அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு புரியுது. ஆனா கல்லு ஈரமா இருக்கு, பிடிப்பு விட்டிருக்கு. ஒரு ஆள் படுத்து புரண்டா பேந்துரும். அவங்க கேள்வி ஒரு நாளைக்கு. இது ஆயிரத்து ஐநூறு வருஷம்."

"அந்த ஆயிரத்து ஐநூறு வருஷமும் இங்க என்ன நடந்துச்சுன்னு நெனக்கற?"

அவள் எழுந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சதுரத்தின் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள். அங்கே மட்டும் தரை லேசாகக் குழிந்திருந்தது. பழைய கற்கள் தேய்ந்து உதிர்ந்த இடத்தில் யாரோ பெரிய கற்களை வைத்து ஒட்டியிருந்தார்கள். அவையும் தேய்ந்து, வேறு யாரோ வேறு கலரில் ஒட்டியிருந்தார்கள்.

"இது எனக்கு புரியவே இல்ல, கால்த்தோ. நடந்து தேஞ்சா வாசல்லேந்து ஒரு தடமா தேயும். இது ஒரு ஓரத்துல, தனியா தேஞ்சிருக்கு." கைகளை விரித்து அளந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு ஆள் நீளம்."

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவரின் பொத்தலில் ஒரு வண்டு ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. எத்தனை பேர், எத்தனை மதியங்கள். என்ன கேள்விகளோடு வந்து படுத்தார்களோ! எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர்கள்மேல் சட்டென்று பாசம் பொங்கியது. அவர்களுடைய சாவிக்காரிகள்மேலும்தான்.

"குழிக்கு மேல பலக போடறேன்" என்றாள் ருபா. "ரெண்டு பக்கமும் மணல்மூட்ட தாங்கும். பலக மேலதான் படுக்கணும். நான் பக்கத்துல வேல செஞ்சுக்கிட்டேதான் இருப்பேன், எனக்கு அன்னிக்கு முடிக்கணும்."

விஷயம் எப்படியோ வெஸ்லியின் காதுக்கு எட்டிவிட்டது. "ஒரு தாய் தன் மகனைக் கனவில் தேடுகிறாள்! நாங்கள் மிகுந்த மரியாதையுடன் படம் பிடிப்போம்" என்று என்னிடம் வந்தார்.

"உங்க அம்மா தூங்கறப்ப யாராவது மரியாதையா படம் புடிச்சா ஒத்துக்குவீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "என் தாய் காலமாகிவிட்டார்" என்றார். பிறகு கேமராவை மூடி வைத்துவிட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான். அதுவும் ஒரு தொந்தரவுதான்.

திருநாளுக்கு முந்தின மதியம் காற்றே இல்லை. உச்சிமணி அடித்து அதன் ஓசை பள்ளத்தாக்கில் இறங்கிக் கரைந்தது. வதீயா பூப்போட்ட உறையிட்ட தலையணையோடு வந்தாள். அது நசீமின் தலையணை. நான் அதைப் பார்க்காதது போல இருந்தேன். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பலகையில் ஏறி, குழிந்த அந்த இடத்துக்கு மேலே ஒருக்களித்துப் படுத்தாள். சல்த்தி வேலிக்கு வெளியே, மரத்தடியில் நின்றான். வெஸ்லியும் அங்கேதான். கொஞ்ச நேரத்தில் வெஸ்லி மரத்தில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அப்போஸ்தலர் வந்தால் எழுப்புங்கள் என்பது போல.

நான் வாசற்படியில், மடியில் அவளுடைய செருப்போடு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குகையின் குளிர்ச்சி முகத்தில் பட்டது, முதுகில் வெயில். ருபா பஞ்சைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, தரையைத் துடைத்தாள். முக்கி, பிழிந்து, துடைத்து. தண்ணீர் பட்ட இடத்தில் கற்கள் விழித்துக்கொண்டன. ஒரு நீல மீன் வந்தது. ஒரு கவுதாரி வந்தது. திராட்சைக்குலை ஒன்று கறுப்பாகப் பழுத்தது. ஈரம் உலர்ந்ததும் மீன் வெளிறி, மங்கி, சாம்பல் தூசுக்குள் திரும்பிப் போய்விட்டது. மறுபடி தண்ணீர், மறுபடி மீன்.

எனக்குக் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கிள்ளிய வலியும் எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ வலித்தது. தரை முழுவதும் தண்ணீராகி, வதீயாவின் பலகை அதில் மெல்ல மிதந்து போவது போலிருந்தது. அவளுடைய கூந்தல் பின்னல் ஓரத்தில் தொங்கியது. மீன்கள் அதை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. யாரும் அவசரப்படவில்லை. மார் ஜிர்யிஸ் குதிரையிலிருந்து இறங்கி, பாம்புக்குப் பக்கத்தில் களைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். சாவிக்காரி தூங்கக் கூடாது, அதனால் தூங்கவில்லை.

மாலைமணி அடித்தது. வதீயா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. சின்ன வயதில் வகுப்பில் தூங்கி மாட்டிக்கொண்டபோது இருந்த அதே முகம். நான் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல."

"நல்லா யோசி."

"யாரோ தரைய கழுவிக்கிட்டே இருந்தாங்க. தண்ணி சத்தம். கப்பல் தளத்த கழுவற மாதிரி. முகம் தெரியல. பக்கத்துல வந்து, என் தலமாட்டுல கழுவிட்டு, தள்ளிப் போயி, திரும்ப வந்து..." நிறுத்தினாள். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள். "அப்படி பாக்காத, தர்ஃபா. அது டாக்டரோட பஞ்சுன்னு எனக்குத் தெரியும். நான் முட்டாளில்ல."

நான் வாயைத் திறந்தேன். அது நசீமாகவும் இருக்கலாமே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நம்ப முயன்றிருப்பாள். அவள் முயல்வதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"போய் உன் தம்பிகிட்ட சொல்லு, கோதுமைய ஊறவைக்கச் சொல்லு" என்றாள். குரல் நடுங்கவில்லை. தலையணையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அப்போது ருபா, "முடிஞ்சுது" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

சதுரம் முழுவதும் திறந்திருந்தது. சிவப்புக் கற்களில் கிரேக்க எழுத்துகள், ஈரத்தில் பளபளத்தன. வெஸ்லி எப்படித்தான் விழித்தாரோ, கேமரா கூட இல்லாமல் ஓடி வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் சல்த்தி. ருபா விரலை வைக்காமல், விரலின் நிழலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தாள்.

"எந்த அப்போஸ்தலர்?" என்றார் வெஸ்லி.

"யாருமில்ல."

"ஆயரின் பெயர்? அரசனின் பெயர்?"

"பேரே இல்ல, வெஸ்லி. காணிக்க குடுத்தவங்க தரையப் போட்டுட்டு, பேர போடாம விட்டுட்டாங்க." அவள் குதிகாலில் உட்கார்ந்து, அரபியில் மெதுவாகச் சொன்னாள். "'ஆண்டவரே, எவருடைய பெயர்களை நீர் அறிந்திருக்கிறீரோ, அவர்களுடைய மீட்புக்காகவும் இளைப்பாறுதலுக்காகவும்.' அவ்ளோதான்."

வெஸ்லி வாசல் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். பாவம், மூன்று வாரமாக உலகத்துக்கு ஒரு பெயரைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வதீயா பலகையிலிருந்து இறங்காமலே கேட்டாள். "டாக்டர், மீட்புன்னா யாருக்கு?"

"அந்தக் காலத்துல உயிரோட இருக்கறவங்களுக்கு மீட்புன்னு எழுதுவாங்க. இறந்தவங்களுக்கு இளைப்பாறுதல்."

"இதுல எது?"

"ரெண்டும்."

"ரெண்டும் தனித்தனியாவா?"

ருபா மறுபடி குனிந்து பார்த்தாள். "இல்ல, ஒரே வரியில சேத்துத்தான் எழுதியிருக்காங்க. யாரு இருக்காங்க, யாரு போயிட்டாங்கன்னு பிரிக்கல. உமக்குத் தெரியும்னு மட்டும் சொல்லியிருக்காங்க."

வதீயா அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கிரேக்கம் படிக்கத் தெரியாது. ஈரம் உலர உலர எழுத்துகள் வெளிறத் தொடங்கின. அவள் ருபாவின் பஞ்சை எடுத்து, கேட்காமலே, ஒரு தடவை துடைத்தாள். எழுத்துகள் திரும்ப வந்தன. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு நடந்த அதிசயங்களில் ஒன்று.

"அவங்க வீட்லயும் யாரோ திரும்பி வரல போல" என்றாள் வதீயா.

வாசலிலிருந்து சல்த்தி, "கோதும ஊறவைக்கட்டுமா?" என்று கேட்டான். கேட்ட குரலிலேயே தெரிந்தது, அவன் வேண்டாம் என்ற பதிலுக்கு ஏங்கினான். ஆறு வருஷத்தில் அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப வேணாம்" என்றாள் அவள். "மாவு சலிச்சு வை. காலைல ரொட்டி சுடணும்."

மறுநாள் திருநாள். பெரிய கோயிலின் பக்கவாசலில் நான் திரியை மாற்றிக்கொண்டிருந்தேன். வதீயாவும் சல்த்தியும் சேர்ந்து வந்தார்கள். ரொட்டியை அவன்தான் சுமந்து வந்தான், வெள்ளைத் துணியில் சுற்றி, பச்சைக்குழந்தையைத் தூக்குவது போல. அபூனா மித்ரி அவர்களைப் பார்த்ததும் கலவரமானார். தொலைக்காட்சியில் அப்போஸ்தலர் போய்விட்ட செய்தி வந்ததிலிருந்தே அவர் கலங்கித்தான் இருந்தார்.

"நசீம்" என்றாள் வதீயா. "ஒரே ஒரு துணுக்கு, அபூனா."

"எந்த வரிசையில?"

"எனக்குத் தெரியாது."

அபூனா சல்த்தியைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது, அபூனா" என்றான் என் தம்பி.

ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னது அன்றுதான். அபூனா ரொட்டியை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். எங்கே வைத்தார் என்று பிறகு அவரிடம் நான் கேட்டேன். பொய் சொல்ல வராத அந்த மனிதர், இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்ததாகவும், தட்டைத் தூக்கியபோது அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டதாகவும் சொன்னார். எப்படியானாலும் பூசை முடியும்போது தட்டில் இருக்கும் எல்லாத் துணுக்குகளையும், மேல் வரிசை கீழ் வரிசை என்று பார்க்காமல், ஒரே கிண்ணத்தில் வழித்துப் போடுவதுதானே முறை என்றார். ஐம்பது வருஷமாகப் பூசைக்கு வருகிறேன், அதை நான் யோசித்ததே இல்லை.

வெஸ்லி ஊரைவிட்டுப் போவதற்கு முன் என்னிடம் வந்து, கேமரா இல்லாமல் ஒரு மதியம் அங்கே தூங்க அனுமதி கேட்டார். தலையணை கொடுத்தேன். எழுந்ததும் நான் கேட்டேன், அவர் சொன்னார். என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

ஆனால் திருநாள் அன்று பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் காபிக்கு நின்றபோது நடந்ததைச் சொல்லலாம். கடைக்காரர், அண்டை வீட்டுக்காரி, எல்லோரும் இருந்தார்கள். வதீயா தள்ளி, மதிலோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு கோப்பையை எடுத்து நிரப்பி, முற்றம் முழுவதும் கேட்கும்படி என் பெரிய வாயைத் திறந்தேன்.

"உம்மு நசீம், காபி ஆறுது, வா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வரேன்" என்றாள் உம்மு நசீம்.